மகனின் ஓவியங்களைத் திரும்ப வாங்கிய கதை

என் மகன் திருநம்பி; பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவானாலும் தன்னை ஆணாக உணர்பவன். பதினேழு வயது. ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டான். ஆனால் நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் படம் வரைந்து வைத்திருப்பான். அதைப் பார்த்த மனநல மருத்துவர் ஓவியச் சிகிச்சைக்குப் போகச் சொன்னார். செங்கல்பட்டில் யாரும் கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு மையத்தில் சேர்த்தோம். அங்கே நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வரவேற்பில் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்கள். அவன் வைத்துக்கொண்ட பெயரைப் படிவத்தில் எழுதியிருக்கிறேனே என்றேன். “ஆதாரில் இருப்பதைத்தான் கூப்பிட முடியும் அம்மா” என்றார் அந்தப் பெண். அவன் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனான்.

சில வாரங்கள் கழித்து ஆலோசகர் என்னை மட்டும் அழைத்தார். மேசை முழுக்க மகனின் படங்கள். தாடி வைத்த முகத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, “இது அப்பாவின் பாசத்துக்கான ஏக்கம். தினமும் புடவை கட்டிய பெண்ணாகத் தன்னை வரையச் சொல்லிப் பழக்கினால் மாற்றிவிடலாம்” என்றார். யாருக்கும் காட்ட மாட்டார் என்று நம்பி அவன் வரைந்த படங்கள் அவை! அவனை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

ஒரு விஷயம் எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். இப்படி ‘மாற்றும்’ முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்றே தடை செய்துவிட்டது. தீர்ப்பளித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். மருத்துவர்கள் அதைச் செய்தால் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் புதிய நோய் வகைப்பாட்டில் திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. தூரிகையைக் கையில் கொடுத்து மாற்றப் பார்த்தாலும் அது அதே கொடுமைதான்.

படங்களைத் திரும்பக் கேட்டபோது, “ஃபைலில் சேர்ந்துவிட்டது, தர முடியாது” என்றார்கள். நேரில் போனால், “மேடம் லீவு”. ரயிலேறி வெறுங்கையோடு திரும்பினேன். பிறகு நடந்ததை எல்லாம் எழுதி, தீர்ப்பின் தேதியையும் குறிப்பிட்டு, விரைவுத் தபாலில் அனுப்பினேன். மறு வாரமே படங்கள் வீடு வந்து சேர்ந்தன. சிவப்பு வட்டமிட்ட படத்தை அவன் கிழித்துப் போட்டான், நான் தடுக்கவில்லை.

வேறு சிகிச்சையாளரைத் தேடும்போது முதலில் தொலைபேசியில் கேள்விகள் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். ஓவிய வகுப்பு எடுப்பவர்கூடச் சிகிச்சையாளர் என்று பலகை மாட்டிக்கொள்கிறார்; ஆகவே எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். படங்கள் யாரிடம் இருக்கும், பெற்றோரிடம் எதைச் சொல்வார் என்றும் கேளுங்கள். திருநர் பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறாரா என்பது முக்கியம். படத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள்.

இப்போதைய சிகிச்சையாளர் முதல் நாளே, “உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?” என்று அவனிடம்தான் கேட்டார். பெரிய பழுப்புத் தாளில் படுக்கவைத்து உடலின் வெளிக்கோட்டை வரைவது இந்தச் சிகிச்சையில் வழக்கம். படுக்க மாட்டேன் என்றான். “சரி, நீயே உன் விருப்பம்போல வரைந்துகொள்” என்று விட்டுவிட்டார். தோளை அகலமாக வரைந்தான். மார்புப் பகுதியைக் கறுப்பு மையால் அழுத்தி அழுத்தி நிரப்பினான். பல வாரங்கள் அது அப்படியே இருந்தது; அவர் ஏன் என்று கேட்கவேயில்லையாம். ஒருநாள் தாத்தாவின் பழைய சட்டையிலிருந்து பாக்கெட்டை வெட்டி எடுத்துப்போய் அந்தக் கறுப்பின்மேல் ஒட்டியிருக்கிறான். “அம்மா, வந்து பார்” என்று அவனாகக் கூப்பிட்டுக் காட்டியபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. இப்போது பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறான்.

கடைசியாக ஒன்று. ஹார்மோன் சிகிச்சை போன்றவற்றுக்கான பரிந்துரைக் கடிதத்தை ஓவியச் சிகிச்சையாளரிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மனநல மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டையும் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். கடிதத்துக்காக ‘சரியாக’ வரைய வேண்டுமோ என்ற பயம் அவனுக்கு இல்லை.