கையில் கார்டு இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். நாங்கள் தருமபுரி டவுனில் வாடகைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓட்டு மட்டும் அம்மா ஊரில், பென்னாகரம் பக்கம். காலையிலேயே பஸ் ஏறிப் போய் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். அலுவலர் ஸ்கேல் வைத்து வரி வரியாகத் தேடினார். அம்மா பெயர் இருந்தது, தம்பி பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

"கார்டு இருக்குதுங்களே" என்று நீட்டினேன்.

"கார்டு இருந்தா போதாதும்மா, லிஸ்ட்ல பேரு இருக்கணும்."

வெளியே வந்தால் அம்மா விரலில் மை இன்னும் காயவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்வரை எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது.

2023 நவம்பரில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாமில் படிவம் 6 கொடுத்தேன். பட்டியலில் பெயரே இல்லாதவர்களுக்குத்தான் படிவம் 6. பட்டியலில் பெயர் இருந்து வீடு மட்டும் மாறியவர்களுக்கு, தொகுதியே மாறினாலும், 8. கூடவே ஆதார் நகல், கேஸ் புத்தக நகல் வைத்தேன். சில நாளில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். ஜனவரியில் இறுதிப் பட்டியல் வந்த அன்றே போனில் தேடிப் பார்த்துவிட்டேன். இருந்தது.

சரி, 2024 மக்களவைத் தேர்தலில் யாருக்குப் போடுவது? அதுவரை வீட்டில் சொல்கிறவருக்குத்தான் போட்டிருக்கிறேன். இந்த முறை வேட்பாளர்கள் மனுவோடு தரும் பிரமாணப் பத்திரங்களைப் போனில் இறக்கி, மாமாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் படித்தோம். நிலுவை வழக்குகள், சொத்து, கடன், ஐந்து வருட வருமானம், படிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இதில் பெரும்பாலானவை நமக்குத் தெரிய வந்தன. மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வழக்குப் பக்கத்தையே படித்தார்.

அப்புறம் ஒன்று புரிந்தது. தெருவிளக்குக்கு எம்.பி.யைக் கேட்டுப் பயனில்லை, அது நகராட்சி வேலை. மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதையைத்தான் எம்.பி.யிடம் கேட்க வேண்டும். அதனால் வீதிக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் அதையே கேட்டேன். ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார்.

2024 ஏப்ரல் 19. பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் இருந்த ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு தெரிந்தது: எண், பெயர், சின்னம். ஏழு விநாடி. அது அறுந்து பெட்டிக்குள் விழும்வரை நான் நகரவில்லை.