குடைக் கூடு: ஒரு சிற்பத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

துணி கிழிந்து, கைப்பிடியும் கழன்று கிடந்த ஒரு பழைய குடையை இன்று முழுவதுமாகப் பிரித்தேன். எஞ்சியிருந்த துணியை அகற்றியதும் எட்டு நீளக் கம்பிகளும், அவற்றைத் தாங்கும் எட்டுச் சிறு கம்பிகளும், நடுத்தண்டில் ஏறி இறங்கும் வளையமும் மட்டும் மிஞ்சின. வளையத்தை மெல்ல மேலே தள்ளினால் எட்டுக் கம்பிகளும் ஒருசேர விரிகின்றன. எத்தனையோ முறை குடை விரித்திருக்கிறேன். துணி இருந்தவரை இந்த அசைவு என் கண்ணில் பட்டதே இல்லை. எதிரில் ஆள் வந்தால் தானாக விரிந்து, அவர் விலகியதும் சுருங்கும் ஒரு சிற்பத்தை இதிலிருந்து செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

கம்பிகளுக்கு மேல் வேறெதையும் சேர்க்கப் போவதில்லை. ரஷ்யச் சிற்பி நவும் காபோ 1919-20-இல் ஒற்றை எஃகுக் கம்பியை மின்மோட்டாரால் அதிரவைத்தே, வெறும் வெளியில் ஓர் உருவம் நிற்பதுபோல் காட்டினார். அசைவு சரியாக அமைந்துவிட்டால் அலங்காரத்துக்கு வேலை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. துருவையும் சுரண்டவில்லை, மூட்டுகளில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தையல் இயந்திர எண்ணெய் விட்டேன். ஏழாவது கம்பியின் மூட்டாணி நன்றாகத் தேய்ந்து ஆடுகிறது. அதைப் பிறகு மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 6

பழுதான பிரிண்டர் ஒன்றிலிருந்து, அடி அடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றினேன். நான்கு ஒயர்கள் வெளியே வந்தன. எது எதற்கு என்ற குறிப்பு எதிலும் இல்லை. மல்டிமீட்டரில் மின்தடை காட்டும் இரண்டு ஒயர்கள் ஒரே சுருளைச் சேர்ந்தவை. ஆனால் மீட்டர் கையில் இருந்தாலும் நான் பழைய வழியையே விரும்புகிறேன்: ஏதேனும் இரண்டு ஒயர்களின் முனைகளை ஒன்றாக முறுக்கிக்கொண்டு, மோட்டாரின் தண்டை விரலால் சுழற்ற வேண்டும். இரண்டும் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்றால், நாம் சுழற்றுவதாலேயே உண்டாகும் மின்னோட்டம் சுழற்சியை எதிர்த்து நிற்கும். தண்டு இறுகிவிட்டதுபோல் விரல் உணரும். ஒயர்களைப் பிரித்தால் மறுபடியும் இலகுவாகச் சுழலும். மின்சாரம் கையில் தட்டுப்படும் அந்தக் கணம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்துவைக்கும் மோட்டார் இது. இதன் சுருள்களுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு இயக்க ஏ4988 டிரைவர் பலகையையும், கட்டளையிட அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையையும் வைத்திருக்கிறேன். டிரைவருக்கு மின்சாரம் வரும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் பொருத்தியாயிற்று. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கி ஒரு டிரைவரை முன்பு எரித்திருக்கிறேன். ஆகவே இம்முறை இணைப்புகளைச் சால்டரிங் செய்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். பிரிண்டரின் மின்வழங்கிப் பகுதியைத் திறக்கவே இல்லை. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். மைக்ரோவேவ் அடுப்பில் இந்த ஆபத்து உயிரையே பறிக்கும் அளவுக்கு உண்டு.

பிப்ரவரி 9

இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று, ஆனால் அதிலிருந்து பெற்றது பெரிது. ஆள் வருவதை அறிய, தானியங்கி விளக்குகளில் இருக்கும் பிஐஆர் சென்சாரைப் பொருத்தியிருந்தேன். நான் நடந்து வந்தபோது மோட்டார் உடனே சுழன்றது. பிறகு, கம்பிகள் எப்படி விரிகின்றன என்று பார்ப்பதற்காக அசையாமல் நின்றேன். சில நொடிகளில் குடை சுருங்கத் தொடங்கியது. கையை அசைத்தேன், விரிந்தது; அசைவை நிறுத்தினேன், மறுபடி சுருங்கியது.

காரணம் எளியது. பிஐஆர் சென்சார் உடலின் வெப்பத்தை அளப்பதில்லை. தன் பார்வைப் பரப்பில் அகச்சிவப்புக் கதிர்கள் மாறுவதை மட்டுமே அறியும். கடந்து போகிறவர் அதற்குத் தெரிவார். நின்று, மூச்சடக்கி, உற்றுப் பார்க்கிறவர் தெரியமாட்டார். ஒரு சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேறு இல்லை. யாருக்காக இதைச் செய்கிறேனோ அவரையே இது காணாமல் விட்டுவிடுகிறது.

பிப்ரவரி 10

பிஐஆரைக் கழற்றிவிட்டு, எச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சாரைப் பொருத்தினேன். காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அது அளக்கிறது. சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோநொடி. அசையாமல் நிற்பவரும் இப்போது தெரிகிறார்.

பிப்ரவரி 13

வளையத்தில் கட்டிய நூல் தண்டின் உச்சியில் உள்ள கப்பி வழியாக மோட்டாரின் உருளைக்குப் போகிறது. குடையை விரித்த நிலையில் நிறுத்தி வைக்க மோட்டாருக்கு ஓயாமல் மின்சாரம் தேவைப்பட்டது. கால் மணி நேரத்தில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. மின்சாரத்தை நிறுத்தினாலோ கம்பிகள் பொத்தென்று விழுந்தன.

எதிர் எடை கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றினாலும் ஒரு தயக்கம் இருந்தது. விரிய விரியக் கோணம் மாறுகிறதே, அதற்கேற்ப விசையும் மாறினால் ஒரே எடை எப்படிப் பொருந்தும்? விசைத்தராசை வளையத்தில் மாட்டி, மெதுவாக இழுத்து, ஐந்து இடங்களில் அளந்தேன். முள் அநேகமாக ஒரே இடத்தில் நின்றது. எனக்கு நம்பிக்கை வராமல் தாளில் வரைந்து கணக்கிட்டபோதுதான் புரிந்தது. உச்சியிலிருந்து மூட்டு வரையுள்ள கம்பியின் நீளமும் தாங்கு கம்பியின் நீளமும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், வளையம் எவ்வளவு உயர்கிறதோ அதே விகிதத்தில்தான் கம்பிகளின் எடை மையமும் உயர்கிறது. கோணம் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. குடையின் எலும்புக்கூட்டுக்குள் இப்படி ஒரு நேர்த்தி ஒளிந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சாவி தொலைந்த ஓர் இரும்புப் பூட்டு பெட்டியில் கிடந்தது. அதன் கொண்டியில் நான்கு வாஷர்களைக் கோத்து நூலின் மறுமுனையில் தொங்கவிட்டதும் எடை சமமாயிற்று. இப்போது குடையை எந்த நிலையில் விட்டாலும் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கிறது. உராய்வை வெல்வது மட்டுமே மோட்டாரின் வேலை. குடை மேலெழும்போது பூட்டு கீழிறங்குவதும் அழகாகத்தான் இருக்கிறது. மறைக்கலாம் என்றிருந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

பிப்ரவரி 17

இன்று ஓசையோடு மல்லாடினேன். மோட்டாரைத் தாங்கும் பிளைவுட் பலகை, ஒவ்வோர் அடியின் அதிர்வையும் மேளத்தைப்போல் பெருக்கியது. ஓசையே உயிரான இயந்திரச் சிற்பங்கள் உண்டு. சுவிஸ் சிற்பி ழான் டிங்லி, சைக்கிள் சக்கரங்களும் பியானோவும் குளியல் தொட்டியும் சேர்த்துக் கட்டிய ‘நியூயார்க்குக்கு அஞ்சலி’, 1960 மார்ச் 17 அன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் 27 நிமிடம் இரைந்து, புகைந்து, தன்னைத் தானே அழித்துக்கொண்டது. அங்கே இரைச்சல்தான் பேச்சு. என் குடைக்கு அது பொருந்தாது.

டிரைவரில் ஒவ்வோர் அடியையும் 16 நுண்ணடிகளாகப் பிரித்தேன். சுற்றுக்கு 3200 நுண்ணடிகள். மோட்டாருக்கும் பலகைக்கும் நடுவே சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பரை வைத்தேன். மோட்டாரின் இரைச்சல் அடங்கியதும், கம்பி மூட்டுகள் ஒவ்வொன்றாக எழுப்பும் மெல்லிய ‘டிக்’ ஒலி முதன்முறையாகக் காதில் விழுந்தது. அதைப் போக்கப் போவதில்லை.

பிப்ரவரி 20

மாலையில் ஒரு விந்தையான கோளாறு. எதிரில் யாரும் இல்லை. குடையோ சுருங்க மறுத்தது. ஒரு மணி நேரம் நிரலில் தவறு தேடிய பிறகு, கண் முன்னால் இருந்ததைக் கண்டேன். விரிந்த கம்பி ஒன்றின் முனை சென்சாரின் ஒலிக்கூம்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தன் கம்பியையே ஆள் என்று எண்ணி, அந்த ஆளுக்காகக் குடை விரிந்தே நின்றிருக்கிறது. சென்சாரைக் கம்பிகள் எட்டாத இடத்துக்கு, இடுப்பு உயரத்தில் முன்னே தள்ளிப் பொருத்தினேன். தொடர்ந்து ஐந்து அளவுகள் எடுத்து நடுவில் வருவதை மட்டும் ஏற்குமாறு செய்ததில், தாறுமாறான எதிரொலிகளும் ஒழிந்தன.

இதைவிட முக்கியமானது நடத்தை. இதுவரை ஆள் 2 மீட்டருக்குள் வந்தால் உடனே விரியும்படி வைத்திருந்தேன். அது கடைவாசலின் தானியங்கிக் கதவைப்போல் இருந்தது. கதவை யாரும் நின்று பார்ப்பதில்லை. சிற்பி எட்வர்ட் இஹ்னாடோவிச் 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலுள்ள ஈவொலுவான் கண்காட்சிக் கூடத்தில் நிறுவிய ‘சென்ஸ்டர்’ என்னும் கணினிவழிச் சிற்பம், மெல்லிய ஒலியையும் நிதானமான அசைவையும் நாடி வந்தது. உரத்த ஒலிக்கும் திடீர் அசைவுக்கும் பின்வாங்கியது. 4 மீட்டருக்கு மேல் நீண்ட எஃகு உடல், ஹைட்ராலிக் விசையால் இயங்கியது; அப்படியிருந்தும் அதை ஓர் உயிராகவே மக்கள் பார்த்தார்கள்.

என் குடைக்கும் இரண்டே விதிகளை எழுதினேன். வேகமாக நெருங்கினால் சுருங்க வேண்டும். அருகில் வந்தவர் 3 நொடி அசையாமல் நின்றால் விரியத் தொடங்கி, 11 நொடியில் முழுதாக விரிய வேண்டும். நிரலை அப்படியே காத்திருக்க வைக்கும் ‘டிலே’ கட்டளைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, நேரத்தை எண்ணிப் பார்த்துச் செயல்படும் முறைக்கு மாற்றினேன். இல்லாவிட்டால் அசையும் நேரமெல்லாம் அது கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மேல் எல்லையை உணர்த்த ஒரு பழைய மவுஸின் பொத்தானைப் பொருத்தினேன்.

பிப்ரவரி 25

நண்பரும் அவருடைய தாயாரும் வந்திருந்தார்கள். நண்பர் ஆர்வத்தோடு விரைந்து வந்தார். குடை இறுகச் சுருங்கியது. பழுதாகிவிட்டதா என்று கேட்டார். அம்மா பின்னாலேயே மெல்ல வந்து, பூட்டைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நொடி கழித்துப் பூட்டு இறங்கத் தொடங்கியது. மற்ற ஏழு கம்பிகளும் ஒன்றாக எழ, மூட்டாணி தேய்ந்த ஏழாவது கம்பி மட்டும் பின்தங்கி, அரை நொடி தயங்கி, ‘டிக்’ என்று எழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அந்த மூட்டாணியை நாளை மாற்றிவிடுவேன் என்று சற்றுக் கூச்சத்தோடு சொன்னேன்.

“வேண்டாம்ப்பா, அது ஒண்ணுதான் யோசிச்சுட்டு எழுந்திருக்குது” என்றார் அம்மா.

அவர்கள் போன பிறகு நானும் அசையாமல் நின்று நான்கைந்து முறை பார்த்தேன். மூட்டாணிக்காக வெட்டி வைத்திருந்த பித்தளைக் கம்பியைப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டேன்.