விளக்கு எரியுது, விசிறி சுத்துது, திரை மட்டும் வரல: பழைய லேப்டாப்பை எழுப்பிய வரிசை

மேசைக்கு வந்தது 2014 வாக்கில் வெளியான 15.6 அங்குல லேப்டாப். நான்காம் தலைமுறை இன்டெல், இரண்டு துண்டாக 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் இருட்டு. வெயில் நாளில் சில சமயம் தானாக எழுந்துவிடும். ராத்திரி மழை பெய்தால் காலையில் எழாது. "போர்டு போச்சு அண்ணே, புதுசு பார்த்துக்குங்க" என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளில் இந்த வயதுள்ள லேப்டாப்கள் நிறைய. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பிள்ளைகளின் வகுப்புக்காகப் பழசாக வாங்கியவை பல. "செத்துப்போச்சு" என்று வருவதில் போர்டு உண்மையிலேயே போனது குறைவு. ஈரக்காற்றில் தொடுமுனைகள் கறுத்துப்போனவைதான் அதிகம். மழை பெய்தால் எழாது என்ற ஒரு தகவலே இங்கே பாதி விடை. ஆனாலும் நேராக மூடியைக் கழற்றுவதில்லை; வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும்.

முதலில் அடாப்டர். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மலிவான மல்டிமீட்டர் போதும். டிசி அளவில் ஒரு முனையைப் பிளக்கின் உட்புறத்திலும் மற்றதை வெளிப்புற உலோகத்திலும் வைத்தால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கு ஒட்டி வரவேண்டும்: 19 அல்லது 19.5 வோல்ட். லெனோவோவின் 20 வோல்ட் அடாப்டரைப் பார்க்கும்போது மீட்டரை 20இல் வைத்தால் வெறும் "1" காட்டும். அது பழுதல்ல, அந்த அளவு 19.99 வரைதான் காட்டும், 200க்குத் திருப்புங்கள். டெல், எச்பி அடாப்டர்களில் நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கும். அதன் வழியாகத்தான் லேப்டாப் அடாப்டரை அடையாளம் காண்கிறது. அந்த ஊசி வளைந்திருந்தாலோ, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய போலி அடாப்டராக இருந்தாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது.

வெறுமனே அளந்தால் சரியாகக் காட்டி, லேப்டாப்பில் சொருகியதும் அடாப்டரின் விளக்கு அணைந்தால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பின் உள்ளே. எங்கோ ஷார்ட் இருப்பதால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்கிறது. அடாப்டரில் உயிரே இல்லையென்றால் மூன்று முள் பிளக்கைத் திறந்து பியூஸைப் பாருங்கள். சாயங்கால இடிக்குப் பிறகு "செத்த" அடாப்டர்களில் சில இந்தச் சின்னப் பியூஸோடு பிழைத்துவிடும். மற்றவை பிழைக்காது. அதனால் வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

இந்த லேப்டாப்பில் அடாப்டர் நன்றாக இருந்தது. அடுத்து, அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிப்பது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். செலவில்லாத வேலை, மூடியைக் கழற்றுமுன் எப்போதும் செய்யுங்கள். பேட்டரியைக் கையில் எடுத்ததும் மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது. பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் டச்பேட் மேலெழும்பி நிற்கும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

திரை இருட்டு என்றால் இரண்டு வகை. இருட்டறையில் கைவிளக்கைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் கணினி ஓடுகிறது, பின்னொளிதான் இல்லை. எச்டிஎம்ஐ வயரில் டிவியில் சொருகினாலும் அதே விடை கிடைக்கும். இங்கே கைவிளக்கிலும் ஒன்றும் தெரியவில்லை, டிவியிலும் இல்லை. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கும் மாறவில்லை. அதாவது கணினி முதல் சோதனையையே தாண்டவில்லை. இந்த அறிகுறிக்கு முதல் சந்தேகம் ரேம்.

ரேமின் சின்ன மூடியைத் திறந்தால், இரண்டு பக்கக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். துண்டு தானாகச் சாய்வாக எழும். இதில் தங்க நிற முனைகளின் மேல் மங்கிய பழுப்பு, ஓரத்தில் இரண்டு பற்களில் கரும்புள்ளி. வெள்ளை அழிப்பானால் மெதுவாக, பற்களின் நீளவாக்கில் தேய்த்து, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர், அது வேண்டாம். ரேம் உட்காரும் ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் அங்கேயே படியும். உலர்ந்த மெல்லிய பிரஷ்தான் சரி. திரும்பச் சொருகும்போது சாய்த்தபடியே ஆழமாகத் தள்ளுங்கள். தங்கக் கோடு கிட்டத்தட்ட மறைந்த பிறகே கீழே அழுத்திக் கொக்கியை மாட்ட வேண்டும். பாதி ஏறிய ரேமும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

ஒரு துண்டு, ஒரு ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் குற்றவாளி துண்டா ஸ்லாட்டா என்று தெரியும். ரேமை மாற்றியபின் முதல் தடவை எழ ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகலாம். பத்து விநாடியில் அணைத்துவிட்டு "இதுவும் போச்சு" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. புதிதாக வாங்குவதென்றால் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்க வேண்டும். அந்த "எல்" இல்லாதது 1.5 வோல்ட். இந்தத் தலைமுறை லேப்டாப்கள் பலவும் 1.35 வோல்ட் ரேமைத்தான் ஏற்கும். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், கடையில் தவுக்கே (முதலாளி) எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

ரேமைத் துடைத்ததும் திரை வந்தது. வந்த கையோடு, துவக்க வட்டு எதுவும் இல்லை என்ற செய்தியும் வந்தது. ஹார்ட்டிஸ்க் போய்விட்டது என்று பலர் இங்கேதான் பணத்தை வீணாக்குவார்கள். எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புப் பக்கங்களுக்குள் போனால் வட்டின் பெயர் ஒழுங்காக இருந்தது, தேதிதான் பல ஆண்டு பின்னால் கிடந்தது. தேதி பின்னால் போனால் போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது என்று பொருள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். இது 2 வோல்ட்கூடத் தேறவில்லை. சில மாடல்களில் இது வயரோடு சேர்ந்த பேட்டரி, அதே பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தப் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் கெடுவதில்லை. பல லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இதில் ஆரம்ப நிலை யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை. யாரோ பின்னால் விண்டோஸை ஏற்றியதோ பழைய லெகசி முறையில். லெகசிக்கு மாற்றியதும் விண்டோஸ் சின்னம் வந்தது. வட்டோடு கணினி பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து மாறியிருந்தால் நீலத்திரை வரும், அதையும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் பயாஸ் பக்கங்களை இப்போதே கைப்பேசியில் படம்பிடித்து வைத்தால் இந்த அலைச்சலே இருக்காது.

சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. ஹார்ட்டிஸ்கில் காதை வைத்தால் இடைவிட்டு "டிக்" சத்தம். இந்த இடத்தில் விண்டோஸின் வட்டுச் சோதனையான செக்டிஸ்க்கை ஓடவிடுவது மிகக் கெட்ட யோசனை. சாகக் கிடக்கும் வட்டை மணிக்கணக்கில் முழுவதும் படிக்கவைத்தால் மீதியும் போய்விடும். முதலில் தரவு, பிறகுதான் பழுது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். அதில் உள்ள டிஸ்க்ஸ் செயலியில் வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைத் திறந்தால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (வட்டின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். இங்கே மூன்று இலக்கத்தில் இருந்தது. படங்கள், ஆவணங்கள் என்று முக்கியமானதிலிருந்து தொடங்கி வேறொரு வட்டுக்கு நகலெடுத்தோம். விண்டோஸ் வட்டு படிக்க மட்டுமே திறக்கிறது, எழுத விடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி வட்டைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பதால் அப்படி. நகலெடுக்க அது தடையில்லை.

புது வட்டாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, சுழலும் பாகமே இல்லாதது. பழைய வட்டின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டாவிட்டால் இணைப்பு ஆடி, பழைய கதை மறுபடி தொடங்கும். பழுதான வட்டை அப்படியே முழு நகலாகக் குளோன் செய்வதைவிடப் புதிதாக ஏற்றுவதே நல்லது.

எதை ஏற்றுவது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்குவழிகள் உண்டு, பள்ளிப் பிள்ளை கையாளும் கணினிக்கு எங்களுக்கு அது ஒப்பவில்லை. மின்ட்டையே ஏற்றினோம். கல்வியமைச்சின் டெலிமா கற்றல் தளத்துக்கு உலாவி போதும், வேர்ட் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறந்துவிடும்.

தமிழ்க் கோப்புகளில் மட்டும் கவனம். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பழைய எழுத்துருக்களில் தட்டிய வினாத்தாள்கள், எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு முறையில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகவே பழைய வட்டைக் கழற்றி வைக்குமுன், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுத்துவிடுங்கள். மின்ட்டில் எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கினால் நிறுவும் பொத்தான் வரும். நிறுவியபின் லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் வினாத்தாள் பழையபடி தமிழில் தெரியும்.