பிளெண்டரில் ஒரு அறைக் காட்சி: மினுக்கத்தையும் ரெண்டர் நேரத்தையும் குறைத்துப் பார்த்த அனுபவம்

ஒரே சன்னல் வழியாக வெயில் நுழையும் அறைக்குள் கேமரா மெதுவாக நகரும் 10 விநாடிக் காட்சி ஒன்றை, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் (ஒளியைக் கணக்கிட்டுக் காட்சியைப் படமாக்கும் பகுதி) உருவாக்கி வருகிறேன். விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் மொத்தம் 240 பிரேம்கள். ஒன்றுக்கு 6 நிமிடம் பிடித்தாலே முழு ஒரு நாள் ஓடிவிடும். வெயில் நேரடியாகப் படாத மூலைகளில் தெரிவதெல்லாம் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய மறைமுக ஒளி என்பதால், நேரம் செலவாவதும் மினுக்கம் எழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தனிப் பிரேம் சுத்தமாகத் தெரிவதை வைத்து அனிமேஷனை எடைபோட முடியாது. இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறைகளை, நீக்கும் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ் ஒவ்வொரு பிரேமையும் தனியாகவே துப்புரவு செய்கிறது; சாம்பிள் (ஒரு பிக்சலுக்குக் கணக்கிடும் கதிர்களின் எண்ணிக்கை) குறைவாக இருந்தால் நுண்ணிய இரைச்சல் மறைந்து, அகலமான மங்கல் திட்டுகள் எஞ்சுகின்றன. கதிர்களின் தற்செயல் தேர்வைத் தீர்மானிக்கும் சீட் எண் பிரேமுக்குப் பிரேம் மாறினால் அத்திட்டுகள் இடம் மாறி மினுக்குகின்றன. மாறாமல் நிறுத்தினால் திரையோடு ஒட்டிக்கொண்டு, அழுக்குக் கண்ணாடி வழியே அறையைப் பார்ப்பது போலாகிறது. சாம்பிளைக் கூட்டினால் திட்டுகள் குறையும் என்றாலும், இரைச்சலைப் பாதியாக்க 4 மடங்கு சாம்பிள் வேண்டும் என்பதால் அந்த வழி வெகு விரைவில் கட்டுப்படியாகாமல் போகிறது. ஆகவே இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்க முனைந்தேன்.

பெரிய மாற்றத்தைத் தந்தது சன்னல் கண்ணாடி. கிளாஸ் ஷேடர் (கண்ணாடியின் தன்மையைத் தரும் அமைப்பு) வழியாக வரும் வெயிலை சைக்கிள்ஸ் காஸ்டிக் ஒளியாகவே, அதாவது கண்ணாடியில் வளைந்தோ பளபளப்பில் தெறித்தோ வரும் ஒளியாகவே, கணக்கிடுகிறது. அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கின்றன. கதிரின் வகையைச் சொல்லும் லைட் பாத் நோடின் நிழல் கதிர் (ஒரு புள்ளிக்கு விளக்கின் ஒளி எட்டுகிறதா என்று பார்க்கும் கதிர்) வெளியீட்டைக் கொண்டு, நிழல் கதிர்களுக்கு மட்டும் கண்ணாடியை ஒளியை வளைக்காமல் விடும் டிரான்ஸ்பரன்ட் ஷேடராக்கியதும் அவை அடங்கின. வான வெளிச்சத்துக்காகச் சன்னலில் ஓர் ஏரியா லைட்டைப் போர்ட்டலாக, அதாவது வான ஒளி நுழையும் இடத்தை சைக்கிள்ஸுக்குக் காட்டும் வழிகாட்டியாக, வைத்தேன். பிரதிபலிப்பு, ஒளிவிலகல் ஆகிய காஸ்டிக் இரண்டையும் அணைத்தேன். மறைமுக ஒளியின் உச்ச அளவை வரம்பிடும் இன்டைரக்ட் கிளாம்ப்பை இயல்பு மதிப்பான 10இலிருந்து சற்றுத்தான் இறக்கினேன், ஏனெனில் மிகவும் இறக்கினால் மூலைகளின் வெளிச்சமே குன்றிவிடுகிறது.

கேமரா மட்டுமே நகரும் காட்சிக்கு மிகச் சிறந்த வழி, ஒளியை ஒரே முறை கணக்கிட்டுப் படமாகச் சேமித்துவிடும் பேக்கிங்தான் என்பது என் உறுதியான கருத்து. சுவர், கூரை, தரை ஆகியவற்றுக்கு இரண்டாவது யூவி மேப் (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) அமைத்து, டிஃப்யூஸ் (எல்லாத் திசையிலும் சிதறும்) ஒளியை நிறம் சேர்க்காமல் 32 பிட் ஃப்ளோட் படமாக நிறைய சாம்பிளுடன் பேக் செய்து, பின்னர் அதைப் பரப்பின் நிறத்தோடு பெருக்கி எமிஷனாக (தானே ஒளிர்வதாக) இணைத்தேன். எல்லாப் பிரேமுக்கும் ஒரே படம் என்பதால் சுவரில் மினுக்கம் எழ வழியே இல்லை. பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும் தரையின் பளபளப்பு மட்டும் பிரேமுக்குப் பிரேம் கணக்கிடப்படுகிறது. அதற்குச் சில சாம்பிள்களே போதும். சுவர்களை விளக்குகளாக எண்ணி சைக்கிள்ஸ் தேடாதிருக்க, அந்த மெட்டீரியல்களில் எமிஷன் சாம்பிளிங்கை நிறுத்திவிட வேண்டும். பெர்சிஸ்டன்ட் டேட்டாவை இயக்கினால், கூடுதல் நினைவகம் பிடித்தாலும், ஒவ்வொரு பிரேமுக்கும் காட்சியைப் புதிதாகத் தயாரிக்கும் நேரம் மிச்சமாகிறது.

கதவு திறக்கும் அடுத்த காட்சிக்கு இந்த முறை உதவாது. கதவு நகர நகர அறையின் ஒளி முழுவதுமே மாறுகிறது. அங்கே வழக்கமான பாத் டிரேசிங்கைக் (ஒவ்வொரு பிரேமிலும் கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை) கையாண்டு, பிளெண்டர் 3.1இல் வந்த ஆப்டிக்ஸ் டெம்போரல் டீநாய்ஸிங்கைப் பைதான் கட்டளை வழியாக இயக்கினேன். முந்தைய பிரேமின் தகவலையும் அது கருத்தில் கொள்வதால் திட்டுகளின் அசைவு தெளிவாகவே தணிந்தது. அதற்கு, ஒவ்வொரு பிக்சலின் அசைவைப் பதியும் வெக்டர் பாஸ் தேவை; மோஷன் பிளர் (அசைவால் எழும் மங்கல்) இயங்கும்போது சைக்கிள்ஸ் அந்தப் பாஸைத் தருவதில்லை என்பதால் பிளரை அணைத்தே ரெண்டர் செய்தேன். அடுத்ததாக, அதே வெக்டர் பாஸைக் கொண்டு ரெண்டர் செய்த படங்களைத் திருத்தி இணைக்கும் காம்போசிட்டரின் வெக்டர் பிளர் நோடில் கதவின் அசைவுக்கு மட்டும் பிளர் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.