மாட்டுப் பொங்கலும் நாலு கலர் கிளாஸும்

பெங்களூர்க்காரன் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் திண்ணையில் எடுத்து வைத்தபோதே எங்களுக்கு லேசாகக் கிலி பிடித்தது. மூடி போட்ட ஸ்டீல் ஷேக்கர் ஒன்று. ஒரு பக்கம் 30 மில்லி, மறுபக்கம் 60 மில்லி பிடிக்கிற, உடுக்கை மாதிரி ஒரு அளவுக் கிண்ணம். முறுக்கு முறுக்காகக் கம்பி வைத்த நீள ஸ்பூன். கிளாஸில் செருக குட்டிக் குட்டிக் காகிதக் குடைகள், ஒரு பாக்கெட்.

கல்யாணம், குழந்தை குட்டி என்று ஆன பிறகும், பொங்கலுக்கு நாங்கள் ஐந்து பேரும் கும்பகோணம் பக்கம் நண்பன் வீட்டில் கூடுவது வழக்கம். பொங்கல் அன்று ஒழுங்காகச் சாப்பிடுவோம். மறுநாள் சாயங்காலம் பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து ஒழுங்கில்லாமல் நடந்துகொள்வோம். போன தடவை அப்படி உட்கார்ந்திருந்தபோது பெங்களூர்க்காரன், "என்னடா இது, பிளாஸ்டிக் டம்ளரும் ஊறுகாயும்? அடுத்த பொங்கலுக்கு நான் வந்து காக்டெயில் போடறேன். அடுக்கு அடுக்கா, வானவில் மாதிரி" என்று சபதம் போட்டிருந்தான். அதற்காக ஒரு மாதம் வீடியோ பார்த்துப் பயிற்சி எடுத்திருக்கிறான்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்து, "சரி, பைக் சாவியைக் குடு. சரக்கு வாங்கிட்டு வந்துடலாம்" என்றான்.

ஒருத்தரும் பேசவில்லை. வீட்டுக்காரன்தான் மெதுவாக ஆரம்பித்தான். "மாப்ள, இன்னைக்குத் தேதி என்ன?"

"மாட்டுப் பொங்கல்."

"தை ரெண்டு. திருவள்ளுவர் தினம். டாஸ்மாக் லீவு."

"வள்ளுவருக்கும் சரக்குக்கும் என்னடா சம்பந்தம்?"

"கள்ளுண்ணாமைன்னு தனியா ஒரு அதிகாரமே போட்டு வச்சிருக்காருடா. 93வது அதிகாரம். பத்துக் குறளும் உன்னைத்தான் திட்டுது."

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்துப் படித்தவன். வள்ளுவரை கன்னியாகுமரியில் சிலையாகப் பார்த்ததோடு சரி. வருஷாவருஷம் நாங்கள் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவோம். இந்த வருஷம் 'அவன்தான் எல்லாம் பார்த்துக்கறேன்னு சொன்னானே' என்று நாலு பேரும் சும்மா இருந்துவிட்டோம். "கள்ளாவது கிடைக்குமா?" என்றான். அதற்கு 1987லிருந்தே தடை என்றதும் ஷேக்கரை மடியில் வைத்துக்கொண்டு, உண்டியலைத் தொலைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்தான். "சரக்கு போனா போவுது. கலராவது காட்டறேன்."

சிவப்புக்கு கிரெனடீன் வேண்டுமாம். அது என்ன என்று கேட்டோம். "பிரெஞ்சுல கிரெனாட்னா மாதுளை. மாதுளைப் பாகுதான்" என்றான். அவன் படித்த பிரெஞ்சு வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகப்பட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மாதுளைப் பாகு இல்லை, அலமாரியில் ரோஸ் சிரப் இருந்தது. மஞ்சளுக்கு கொல்லையில் கிடந்த ஆரஞ்சுக் கூடை. நீலம்தான் இடித்தது. அதற்கு வெளிநாட்டு பாட்டில் ஒன்று உண்டாம். வேலியோரம் சங்குப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும்போது பாட்டில் எதற்கு? முப்பது பூ பறித்து, பச்சைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெந்நீரில் பத்து நிமிஷம் மூடி வைத்தோம். திறந்தால், பள்ளிக்கூட நாளில் சட்டைப் பையில் கசிந்த இங்க் இருக்குமே, அச்சு அசல் அந்த நீலம்.

அந்தப் பக்கமாக வந்த அப்பாயி பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "கொம்புக்கு அடிக்கிற பெயின்டாடா? அதான் காலையிலயே அடிச்சாச்சே!"

முதல் கிளாஸ் தயாரானது. முதலில் நீலம், அதன் மேல் ஆரஞ்சு, கடைசியில் ரோஸ் சிரப். சிரப் நூல் மாதிரி இறங்கி, எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு அடியில் போய் மோதி, சுழன்று எழும்பியது. இரண்டு நிமிஷத்தில் கிளாஸ் முழுக்க ஒரே கலர். ஆடிப்பெருக்குக்கு காவேரியில் வருமே புதுத் தண்ணி, அது. இரண்டாவது கிளாஸும் அதே காவேரி. மூன்றாவதைக் கொள்ளிடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தூணில் சாய்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரனின் அக்கா பெண், ஒன்பதாவது படிக்கிறது. "மாமா, சர்க்கரை ஜாஸ்தி இருக்கிறதுதான் கனம். அதை முதல்ல ஊத்தணும். சர்க்கரையே இல்லாத நீலம் கடைசியில."

ஒரு மாதம் வீடியோ பார்த்தவனின் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்தப் பெண்ணே செய்து காட்டியது. அடியில் இரண்டு ஸ்பூன் ரோஸ் சிரப். மேலே ஐஸ். ஸ்பூனைக் கவிழ்த்து கிளாஸின் உள் விளிம்பில் ஒட்டிப் பிடித்து, அதன் முதுகு வழியாக ஆரஞ்சு ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டது. அப்புறம் அதே மாதிரி நீலம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் தனித்தனியாக நின்றன. ஆச்சரியம் அதற்கப்புறம்தான். நீலமும் ஆரஞ்சும் தொடுகிற இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு ஊதா தானாக எழும்பியது. சங்குப்பூ நீலம் புளிப்பு பட்டால் ஊதாவாகும். யாரும் ஊற்றாத நாலாவது கலர்! பெங்களூர்க்காரன் உடனே அதில் ஒரு குடையைச் செருகி, ஏழு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டான், ஏதோ தான் செய்த மாதிரி.

இதோடு விட்டிருக்கலாம்.

"கொஞ்சம் ஜிவ்வுன்னு இருந்தா நல்லாருக்கும்" என்றான். "அடுப்படியில சோடா இருக்கு பாரு, எடுத்துப் போடு" என்றான் வீட்டுக்காரன், கட்டிலில் படுத்தபடியே. அவன் சொன்னது முதல் நாள் வாங்கி வைத்திருந்த பன்னீர் சோடாவை. இவன் அடுப்படியில் தேடி எடுத்தது ஆப்பசோடா டப்பாவை. மீதி நீலத்தை நாலு கிளாஸில் நிரப்பி, கிளாஸுக்கு ஒரு ஸ்பூன்.

நீலம் பச்சையானது. நல்ல கிளிப்பச்சை.

"டேய்! அஞ்சாவது கலர்டா!" என்று கத்தினான். அப்போதாவது எங்களில் ஒருத்தனுக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். கூட்டத்திலேயே அவசரக்காரன் ஒருத்தன் ஒரு கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் பாதியை உள்ளே விட்டான். கண் இரண்டும் வெளியே வந்தன. "சோப்பு... சோப்புத் தண்ணி" என்று மட்டும் சொன்னான். "புளிப்பு பத்தலை போல" என்று பெங்களூர்க்காரன், மீதி மூன்று கிளாஸிலும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தான்.

ஆப்பசோடாவில் எலுமிச்சை பட்டால் என்னவாகும் என்பதும் ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. "மாமா, வேணாம்!" என்று அது கத்துவதற்குள் மூன்று கிளாஸும் பொங்கின. புஸ்ஸென்று பச்சையும் ஊதாவுமாக நுரை எழும்பி, திண்ணை வழியாக வழிந்து, காலையில் போட்ட கோலத்தைக் கரைத்துக்கொண்டு வாசல்படி வரை போனது. காகிதக் குடை ஒன்று நுரை மேல் படகு மாதிரி மிதந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். நாலு வயசுப் பொடியன் ஒன்று ஓடிவந்து கைதட்டி, "பொங்கலோ பொங்கல்!" என்றது.

அப்பாயி வந்தார். கோலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று ஐந்து பேரும் எழுந்து நின்றோம். அவர் குனிந்து, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளையும் ஆப்பசோடா டப்பாவையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

நாங்கள் பன்னீர் சோடாவைப் பங்கு போட்டுக் குடித்தோம். ஷேக்கரில் ஊற்றிக் குலுக்கலாம் என்று பெங்களூர்க்காரன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அப்பாயி திரும்பி வந்து பொங்கல் வைத்த பித்தளைப் பானையைத் திண்ணையில் வைத்தார். முதல் நாள் கரி ஏறிக் கறுத்துக் கிடந்த பானை, விளக்கு வெளிச்சத்தில் தங்கம் மாதிரி மின்னியது.

"நாளைக்குக் காணும் பொங்கலுக்கும் இருந்து எதையாச்சும் கலக்குங்கடா. குத்துவிளக்கு ரெண்டு பாக்கி கெடக்கு" என்றவர், போகிற போக்கில் அந்த ஷேக்கரைத் தூக்கிப் பார்த்தார். "மூடி இறுக்கமா இருக்கே. பெருங்காயம் போட்டு வச்சுக்கறேன்."