ஐ20 என் லைன்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

அக்டோபர் 4, 2025, சனி

வண்டி 2022 மாடல் ஹூண்டாய் ஐ20 என் லைன், டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். ஓடியது 41,000 கிலோமீட்டர், ஆர்சி புக்கில் இரண்டாவது பெயர். புகார் ஒன்றே ஒன்றுதான்: பிக்கப் இல்லை, 'என்' என்ற பேட்ஜ் சொல்லும் அளவுக்கு வண்டி ஓடவில்லை.

முதலில் பேட்ஜ் விஷயத்தை முடித்துவிடலாம். வெளிநாடுகளில் பேர் வாங்கிய ஐ20 என் வேறு வண்டி. அதில் 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ் (குதிரைத்திறன்), 275 என்எம் (டார்க், அதாவது இழுவிசை), ஆறு கியர் மேனுவல். அது இந்தியாவில் விற்பனைக்கு வரவே இல்லை. இங்கே வந்தது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், 120 பிஎஸ், 172 என்எம். அப்போது சாதாரண ஐ20 டர்போவிலும் இதே இன்ஜின்தான். என் லைனுக்கென்று கூடுதலாகக் கொடுத்தது இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டியரிங், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கொஞ்சம் உறுமுகிற சைலன்சர். அதாவது குதிரை அதேதான், சேணம்தான் மாறியிருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால்தான் சின்ன கார். செப்டம்பர் 21 வரை அதற்கு ஜிஎஸ்டி, செஸ் சேர்த்து 29 சதவீதம், இப்போது 18. அந்த வேலியைத் தாண்டிய 1.5 லிட்டர் வண்டிக்கு 45 இருந்தது, இப்போது 40. ஐ20-இன் நீளம் 3,995 மில்லிமீட்டர் என்பது தற்செயல் அல்ல. 1.6 லிட்டர் இன்ஜினை இதற்குள் வைத்தால் வண்டி அப்படியே மேல் அடுக்கு வரிக்குப் போய்விடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டி தன்னுடைய 120 பிஎஸ்ஸையாவது முழுதாகத் தருகிறதா?

அக்டோபர் 9, வியாழன்

டயரைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. கம்பெனி அளவு 195/55 ஆர்16. இதில் மாட்டியிருப்பது 205/55 ஆர்16. முந்தைய சொந்தக்காரருக்கு ஏதோ ஒரு டயர் கடை "வீல் ஆர்ச் நிறைஞ்சு தெரியும் சார்" என்று தள்ளிவிட்டிருக்கிறது.

கணக்கு இது. ரிம் 406.4 மிமீ. 195-இல் 55 சதவீதம் 107.25, இரண்டு பக்கமும் சேர்த்தால் மொத்த விட்டம் 620.9 மிமீ. 205/55-க்கு அதுவே 631.9. சக்கரம் 1.8 சதவீதம் பெரிது, அதனால் எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிட்டன. ஸ்பீடோமீட்டரும் கம்பெனி டயரில் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். எடையும் சக்கரத்தின் வெளி விளிம்பில் ஏறுவதால், புறப்படும்போது இழுப்பது இன்னும் மந்தமாகத் தெரியும். அகலம் வேண்டும் என்றால் 205/50 ஆர்16 போட்டிருக்க வேண்டும். அதன் விட்டம் 611.4, கம்பெனி அளவைவிட 1.5 சதவீதம் சின்னது. கியர் குறுகும், பிக்கப் கூடும், ஆனால் பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். நம் சாலைக்கு 195/55-ஐ விட்டு நகர வேண்டியதில்லை.

பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கம் 1421. 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர், வண்டியைவிட மூத்தது. பட்டன் இன்னும் தேயவில்லை, ஆனால் ரப்பர் கட்டிதட்டிவிட்டது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி ஓட்டம் பார்த்தாயிற்று. ஓஎம்ஆரில் காலை ஐந்து மணிக்கு, காலியான நீட்டத்தில். கியரை மேனுவலுக்குத் தள்ளி மூன்றாவதில் நிறுத்தி, 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 5,000 வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பதிவு செய்ய வேண்டும். பார்க்க வேண்டியவை நாலு: மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்ஜினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தம்), உள்ளே போகும் காற்றின் சூடு, இக்னிஷன் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்), லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு).

அழுத்தம் ஏறி நிலையாக நிற்கிறது. ஏறிவிட்டுத் தளர்ந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப்பைச் சந்தேகிக்கலாம், இங்கே அது இல்லை. ஃப்யூயல் ட்ரிம் கூட்டலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இதில் 3-க்குள் இருக்கிறது.

பகல் ஒரு மணிக்கு டைடல் பார்க் சிக்னலில் நின்றபோது உள்காற்று 62 டிகிரி. சிக்னல் விழுந்து மிதித்ததும் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது, நாக்கிங் (பெட்ரோல் நேரந்தவறித் தானே வெடிப்பது) வராமல் தன்னைக் காத்துக்கொள்ள. ஒரு கிலோமீட்டர் ஓடியதும் 45-க்கு இறங்குகிறது, வண்டிக்கும் உயிர் வருகிறது. நம் ஊர் வெயிலில் ஓடுகிற எல்லா சின்ன டர்போ வண்டிக்கும் இது உண்டு. செலவு செய்து தீர்க்கிற சமாச்சாரம் இல்லை.

ஸ்பார்க் ப்ளக் மூன்றும் கழற்றியதில் இடைவெளி விரிந்திருக்கிறது. டர்போ அழுத்தத்தில் பொறி தாண்டிக் குதிக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். இடைவெளியும் விரிந்துவிட்டால் முழு மிதிப்பில் மட்டும் லேசாக மிஸ்ஃபயர் ஆகும், ஐடிலில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஒர்க்ஷாப்பில் நிறுத்தி வைத்துப் பார்க்கிறவர்கள் "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்ஜின் ஆறிய பிறகே ப்ளக்கைக் கழற்ற வேண்டும், சிலிண்டர் ஹெட் அலுமினியம். இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் கட்டாயம்.

அக்டோபர் 18, சனி

"மிதிச்சா ஒரு செகண்ட் யோசிக்குது" என்ற புகாரைப் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 40 கிமீ வேகத்தில் டி-யில் (தானாக கியர் மாறும் நிலையில்) போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதிக்க வேண்டும். பிறகு அதே வேகத்தில் மேனுவலில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். இரண்டாவது முறை உடனே இழுத்தால் தாமதம் இன்ஜினுடையது அல்ல. மைலேஜுக்காக டிசிடி மேல் கியரில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு மூன்று கியர் இறங்கிவர நேரம் எடுக்கிறது. இந்த வண்டியில் தாமதத்தின் பெரும்பங்கு அங்கேதான்.

கிளட்ச் உலர் வகை, அதாவது எண்ணெயில் மூழ்காதது. ஊர்ந்து போகும் நெரிசலில் அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், பிறகு புறப்படும்போது உதறல் வரும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் இருந்தால் கிளட்சுக்கு ஆயுள் குறையும். பிரேக்கில் நிற்க வேண்டும். முன்னே இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து முழுதாக நிற்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் தி. நகர் பக்கம் டிசிடி வண்டியை எடுத்துப் போகாமலிருப்பது அதைவிட நல்லது.

ஸ்கேனர் வைத்து கிளட்ச் பிடிக்கும் புள்ளியை மறுபடி கற்றுக்கொடுத்தாயிற்று. முதல் கியரின் உதறல் அடங்கிவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

புது ப்ளக், புது ஏர் ஃபில்டர். சோதனைக்காக சாதாரண ஐ20 ஒன்றிலிருந்து 195/55 சக்கரம் நாலையும் கடன் வாங்கி மாட்டியாயிற்று. அலைன்மென்ட்டில் முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) வெளிப்பக்கம் போயிருந்தது, அதையும் சரி செய்த பிறகு ஏலகிரி.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரில். டி-யில் விட்டால் வளைவின் நடுவில் மூன்றாவதுக்குப் போய்விடுகிறது, வெளியே வரும்போது மூச்சு வாங்குகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலால் இரண்டாவதில் பூட்டி ஓட்டினால் அதே வண்டியா என்று கேட்கத் தோன்றும். முன்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் திரும்புகிறது, உடம்பு சாய்வதில்லை. இந்த வண்டியின் சரக்கு சேஸிஸில் இருக்கிறது, நேர்ச்சாலை வேகத்தில் இல்லை.

இறங்கும்போது பிரேக் பெடல் கொஞ்சம் பஞ்சு போல் ஆனது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்பதற்கு சர்வீஸ் புக்கில் பதிவே இல்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

டயர் சூடானபோது காற்றழுத்தம் தோராயமாக 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ ஏறுகிறது. ஏறியதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது, காலையில் ஆறிய டயரில்தான் அளக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

மாற்றினால் எதற்கு மாற்றுவது?

பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டரில் 105 பிஎஸ், 175 என்எம். ஓட்ட இனிமை, சந்தேகமில்லை. ஆனால் அதுவும் உலர் கிளட்ச்தான், கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தொடலாம். போலோ உற்பத்தியும் 2022-இல் நின்றுவிட்டது. ஆல்ட்ரோஸ் ரேசர்: 120 பிஎஸ், 170 என்எம், மேனுவல். பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைப்பதற்கு ஆர்சி மாற்றும் அலைச்சல் எதற்கு?

உண்மையான அடுத்த படி விர்டுஸ் 1.5 ஜிடி (150 பிஎஸ், 250 என்எம்) அல்லது வெர்னா டர்போ (160 பிஎஸ், 253 என்எம்). இரண்டும் செடான், நாலரை மீட்டருக்கு மேல். எக்ஸ்-ஷோரூம் 17 லட்சம் என்று வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டு ஆயுள் வரி 10 முதல் 20 லட்சம் வரையிலான அடுக்கில் 18 சதவீதம், அதாவது 3 லட்சத்து 6 ஆயிரம். இன்சூரன்ஸ் 75 ஆயிரம் சேர்த்தால் 20.81 லட்சம். இந்த வண்டிக்கு வந்த விலை 8.10 லட்சம். கையை விட்டுப் போவது 12.71 லட்சம்.

கோல்ஃப் ஜிடிஐ-க்கு 265 பிஎஸ், 370 என்எம். முழுதாக இறக்குமதி, 2025 மே மாதம் 53 லட்சம் விலையில் வந்தது. 20 சதவீத ஆயுள் வரி மட்டும் 10.6 லட்சம், ஒரு நல்ல ஹேட்ச்பேக்கின் விலை.

ஜிஎஸ்டி குறைந்ததில் புது வண்டி மலிந்ததும் பழைய வண்டிக்காரர்களின் பேரமும் இறங்கிவிட்டது. விற்க இது நல்ல மாதம் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ரீமேப் பற்றி. டர்போ இன்ஜினில் சாஃப்ட்வேர் மாற்றி டார்க் கூட்டுவது எளிது, பிடித்துக்கொள்ள வேண்டியது கிளட்ச். உலர் கிளட்சுக்கு அந்த இருப்பு அதிகம் கிடையாது. வாரன்டி போகும். மாற்றத்தை இன்சூரன்ஸில் சொல்லாவிட்டால் கிளெய்ம் சமயத்தில் தகராறு வரும். வேண்டாம்.

நவம்பர் 23, ஞாயிறு

வைத்துக்கொள்வது என்று முடிவு. செலவு: டயர் நாலு 32,800, அலைன்மென்ட், பேலன்சிங் 1,600, பிரேக் ஆயில் 1,800, ப்ளக்கும் கூலியும் 3,000, ஃபில்டர்கள் 1,200. மொத்தம் 40,400 ரூபாய். மேல் படிக்குப் போகிற 12.71 லட்சத்தில் இது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. புது டயரின் பக்கச்சுவரில் 2025-இன் வாரக் குறியீடு இல்லையென்றால் எடுக்க வேண்டாம் என்று கடையில் சொல்லியாயிற்று.

விற்கும் நிலை இரண்டே. கிளட்ச் பழுது நீட்டித்த வாரன்டி முடிந்த பிறகு வந்தால் ஒன்று, வீட்டில் மேனுவல்தான் வேண்டும் என்றால் இன்னொன்று. (2023-இல் புதுப்பித்து வந்த ஃபேஸ்லிஃப்ட் என் லைனில் ஆறு கியர் மேனுவல் வந்துவிட்டது, அதன் பழைய வண்டியைத் தேடலாம்.) அப்போது பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30, லோன் இருந்தால் வங்கியின் என்ஓசியோடு (ஆட்சேபணையில்லைச் சான்று) ஃபார்ம் 35. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது. அதற்கான கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்கு மாற்றலாம். ஆர்சி பெயர் மாறும்வரை விபத்து, அபராதம் எல்லாம் பழைய பெயருக்குத்தான் வரும், ஆகவே சாவி கொடுத்த நாளிலேயே ஆன்லைனில் பதிவைத் தொடங்க வேண்டும். விற்பதானால் டிசம்பர் 31-க்கு முன் விற்க வேண்டும். ஜனவரி பிறந்தால் வாங்க வருகிறவர் வண்டிக்கு ஒரு வயது கூட்டித்தான் விலை பேசுவார்.