அவர் சொல்லவே இல்லை

அண்ணாச்சி அன்றைக்கு 'பிடி' என்று சொல்லவே இல்லை. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. கல்லாவில் 4,200 ரூபாய் குறைந்தது. நோட்டைப் பார்த்தார், சரக்கு எடுத்துப்போடும் பையனைப் பார்த்தார், அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்னய்யா கணக்கு, என்ன செய்யலாம்?" என்றார்.

"சம்பளத்துல பிடிச்சிரலாம் அண்ணாச்சி." சொன்னது நான்.

காலையில் அவரே கல்லாவைத் திறந்து ஒரு கத்தை எடுத்ததைப் பார்த்திருந்தேன். சீட்டு எழுதவில்லை. எவ்வளவு எடுத்தார் என்று எனக்கென்ன தெரியும்? பையனே எடுத்திருக்கலாம் இல்லையா? இல்லை, அவன் எடுக்கவில்லை.

பயம் என்றால் பாதிதான் சரி. கீழமாசி வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி காலையில் திட்டுவார். சாயங்காலம் விளக்குத்தூண் பக்கமிருந்து எல்லோருக்கும் ஜிகர்தண்டா வரும். எது எப்போது வரும் என்று தெரியாததால் நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்ற மனுஷன் அவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வேறு யாரையாவது திட்டும்போது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருக்கும். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள்; அதிர்ச்சி பொய், கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். எனக்கு உறைத்தது இன்னொரு கணக்கு. சுவிட்சை வேறொருவர் அழுத்த, கூட உட்கார்ந்து மற்ற வேலையை மட்டும் பார்த்தவர்களில் 40-க்கு 37 பேர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கூட இருந்த இரண்டு பேர் முடியாது என்று எழுந்துகொண்டபோதோ, 40-க்கு 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். அன்றைக்குக் கடையில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம்.

ஆனால் அந்தச் சோதனையில் 'தொடருங்கள்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லையே.

நான் மறுத்திருந்தால் மட்டும்? வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இருக்கலாம்.

போன சித்திரைத் திருவிழாவில் கோரிப்பாளையம் கூட்டத்தில் அந்தப் பையன் என் கையைப் பிடித்தான். "அண்ணே, அண்ணாச்சிக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு?" நிஜமான அக்கறைதான். 4,200 பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பரவாயில்லப்பா. உன்னைத்தான் அடிக்கடி விசாரிப்பாரு" என்றேன்.

அவர் ஒருநாள்கூட விசாரித்ததில்லை.